மேலவீதியில் பொங்கிய மாம்பழச் சாறு

சுத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் கையுறை போடுங்கள், தலைமுடியை மூடுங்கள், பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுங்கள் என்பதையெல்லாம் உங்கள் உணவுத் தயாரிப்புப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். சுவரிலும் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதையே நானும் ஒருமுறை ஓதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அந்தப் படத்தில் இல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். தம்பிமார்களும் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாதியில் நெளிந்துகொண்டு எழுந்து போகக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அதில்தான் தொழிலை ஆரம்பித்தேன். பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. வீட்டில் உலை கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். கோடை பிறக்கும்போது முந்திரிப் பழம், அடுத்துப் பண்ருட்டிப் பலா, ஆனி ஆடியில் மாம்பழம், மழைக்கு முன்னால் எலுமிச்சை, குளிர் விழுந்ததும் நெல்லிக்காய் என்று எது சந்தையில் மலிந்து குவிகிறதோ அதைச் சாறாகவோ பாகாகவோ ஜாமாகவோ ஆக்கி விற்போம். என்னோடு சேர்த்து ஐந்து பெண்கள்.

இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. முதலாவது, சாயப்பொடியும் கெடாமலிருக்கப் போடுகிற மருந்தும் என் கொட்டகை வாசலைத் தாண்டக்கூடாது. சிதம்பரம் மேலவீதியில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர்தான் எனக்கு அமைந்த முதல் பெரிய வாடிக்கை. முதல் தடவை என் மாம்பழச் சாற்றுப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன சாயம்போன சேலை மாதிரி இருக்கிறது, கொஞ்சம் கலர் போட்டால் தளதளவென்று இருக்குமே என்றார். சேலைதான் அண்ணே சாயம் போகும், இது பழம் என்று சொல்லிப் பாட்டில்களை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரத்தில் அவரே போன் போட்டு இன்னும் அனுப்பச் சொன்னார். அதிலிருந்து மூன்று நான்கு வருஷம் அவரும் நானும் அண்ணன் தங்கை மாதிரிதான். தீபாவளிக்கு எனக்குப் பட்சணம் அனுப்புவார். நான் நெல்லிக்காய்த் தேனூறல் அனுப்புவேன்.

இரண்டாவது பிடிவாதத்தைக் கேட்டுத்தான் உங்களில் சிலர் நெளியப் போகிறீர்கள். என் கொட்டகையில் எந்தப் பெண்ணையும் 'உனக்கு இன்றைக்கு வீட்டு விலக்கா' என்று யாரும் கேட்கக்கூடாது. விலக்கானவள் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப்போகும், பாகைக் கிளறினால் முறிந்துபோகும் என்று நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் அப்பளம் இடுகிற ஓர் இடத்தில் வேலை செய்தேன். அங்கே மேஸ்திரியம்மாவிடம் போய் 'தூரம்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. சொல்லாமல் மறைத்தால் மாவு புளித்த பழி நம் தலையில் விழும். வெயிலில் மாவு புளித்தாலும் அன்றைக்கு யார் என்று தேடுவார்கள். அந்த அவமானத்தை நான் பட்டிருக்கிறேன். சொந்தமாக அடுப்பு மூட்டியபோது அந்தக் கேள்வி என் கூரைக்குக் கீழே வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். வயிற்று வலி என்றால் உட்காரலாம், முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம், கூலி உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதுதான் சட்டம்.

சட்டம் போட்டால் ஆயிற்றா? நான் சொல்வதற்கு எதிரே பேச யாருக்கும் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். மனசுக்குள் யாரும் மாறவில்லை. அது எனக்கு 2009 ஆனி மாதத்தில்தான் தெரிந்தது.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் என்றால் ஊரே பொங்கி வழியும். தேர் வீதி நாலிலும் ஆள் தலைதான் தெரியும். அந்த வருஷம் கடைக்காரர் தன் கடை வாசலில் பந்தல் போட்டு மாம்பழச் சர்பத் விற்கப்போவதாகவும், வேண்டியவர்கள் பாட்டிலாகவே வாங்கிப்போகலாம் என்றும் திட்டம் போட்டார். மொத்தச் சரக்கும் நம்முடையது. எங்கள் கொட்டகை அதுவரை பார்த்திராத ஆர்டர். நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வைக்கோலில் பழுக்கவைத்தோம். வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இரண்டு பேரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருத்தி அம்சா. என் வயசுதான். முதல் நாளிலிருந்து என்னோடு இருந்தவள். பாகு பதம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சாமி பக்தி ஜாஸ்தி, வெள்ளிக்கிழமை என்றால் பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. இன்னொருத்தி செல்வி. இருபத்திரண்டு வயசு. அவள் அம்மா துறைமுகத்திலிருந்து மீன் கூடை எடுத்து வந்து தெருத்தெருவாக விற்கிறவர். செல்வி தபால் வழியில் பட்டப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வாங்குகிற கூலியில்தான் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். அதிகம் பேச மாட்டாள். சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி செய்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. பாட்டில்களையெல்லாம் கொதிக்கவைத்து எடுத்து முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்துக் கவிழ்த்துக் காயவைத்திருந்தோம். செல்வி பழம் பிசைந்து வடிகட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து போய்க் கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். திரும்பி வந்து மறுபடி வேலையைத் தொடர்ந்தாள். அம்சா என் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. இது சாமி திருவிழாவுக்குப் போகிற சரக்கு, இன்றைக்கு ஒருநாள் மட்டும் அவளை அனுப்பிவிடுங்கள் அக்கா என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இங்கே யாரும் யாருடைய நாளையும் கணக்குப் பார்க்க வேண்டாம், வேலையைப் பார் என்று போட்டேன் ஓர் அதட்டல். செல்வி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பழத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் பாட்டில்களை நிமிர்த்திக் கொட்டகைக்குள் அடுக்கிவிட்டு, மூடி வாங்க நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். மறுநாள் சாற்றைக் காய்ச்சி, ஆறவிட்டு, பாட்டிலில் ஊற்றி மூடினோம். சூடாக ஊற்றினால் அந்தக் கண்ணாடிப் பாட்டில்கள் விரிசல் விட்டுவிடும், அதனால் எப்போதும் ஆறவிட்டுத்தான் ஊற்றுவோம். திங்கட்கிழமை வேன் வந்து ஏற்றிப்போனது. நாங்கள் அடுத்த தவணைக்குப் பழம் உரிக்க உட்கார்ந்தோம்.

தேருக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது கடைக்காரர் போன் வந்தது. குரலே சரியில்லை. பாட்டில்களில் பாதிக்கு மேல் நுரைத்துப்போயிற்றாம். மூடி தானாகவே டப் டப்பென்று தெறிக்கிறதாம். ஒரு பாட்டில் பொங்கி, கோயிலுக்குப் போகிற வழியில் கடையில் நின்ற ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியை மஞ்சளாக அடித்துவிட்டதாம். நான் பதறிப்போய், எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், புதுசாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அதெல்லாம் அப்புறம்மா. உங்க வூட்ல தூரமான பொண்ணு ஒண்ணு கை வெச்சுதாமே? வேன்காரன் சொன்னான். சாமி சரக்குல இப்படிப் பண்ணலாமா? மொதல்ல அத நிறுத்திட்டு வாங்க, அப்புறம் புதுச் சரக்கு பத்திப் பேசலாம்."

வேன்காரருக்கு எப்படித் தெரிந்தது? கொட்டகையில் பெண்கள் முணுமுணுத்ததைச் சரக்கு ஏற்றும்போது கேட்டிருக்கிறார். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நாலு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனில் அவர் கத்தின கத்தல் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. மூன்று பேர் செல்வியைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் 'நாங்கள் அப்போதே நினைத்தோம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

என்ன ஆபத்து என்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஆர்டர் போவது என் நட்டம். அதை எப்படியோ புரட்டி எடுத்துவிடலாம். ஆனால் 'இவள் கை பட்டுத்தான் சாமி சரக்கு கெட்டது' என்று ஒரு பெண்ணின் மேல் பெயர் விழுந்துவிட்டால் அதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது? அதன்பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் அவளை அடுப்பண்டை விட மாட்டார்கள். வேறு எங்கே வேலைக்குப் போனாலும் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கல்யாணம் பேச வருகிறவர்கள் காதில் ஓதவும் நாலு பேர் இருப்பார்கள். கூலி நின்றால் பரீட்சையும் நின்றுவிடும். செல்வி சுவரில் சாய்ந்து நின்றாள். கண் கலங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரையாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் ஆத்திரத்தில் கத்தினால் சரக்கு எப்படிக் கெட்டது என்பது தெரியாமலே போய்விடும். வாயை மூடிக்கொண்டு, வேனில் ஏற்றியது போக எங்களிடம் மீதி இருந்த சாற்றுப் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சில பாட்டில் நுரைத்திருந்தது. சில பாட்டில் கல் மாதிரி அசையாமல் இருந்தது. திறந்து வாயில் விட்டுப் பார்த்தேன், அமிர்தமாக இருந்தது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரே அண்டா, ஒரே கரண்டி, ஒரே கை. செல்வி பிசைந்த பழம்தான் எல்லாப் பாட்டிலிலும் இருக்கிறது. அவள் கை பட்டுத்தான் கெட்டதென்றால் அத்தனையும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? பாதி கெட்டுப் பாதி நன்றாக இருக்கிறதென்றால் தப்பு அண்டாவில் இல்லை. பாட்டிலில் இருக்கிறது. அன்றைக்குக் காயவைத்ததில் சாறு நிரப்பாமல் மிஞ்சிப்போன காலிப் பாட்டில்கள் மூலையில் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து வெயிலில் பார்த்தேன். உள்பக்கம், கண்ணாடியில், காய்ந்துபோன மஞ்சள் புள்ளிகள். அடுத்ததிலும் இருந்தது. பின்வரிசையில் இருந்ததில் இல்லை.

மாம்பழச் சாறு மஞ்சள். புள்ளியும் மஞ்சள். நிரப்பும்போது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பாட்டிலை எல்லார் முன்னாலும் நீட்டினேன். இது என்ன என்று கேட்டேன். அம்சாவுக்கு மட்டும் முகம் வெளுத்துப்போயிற்று.

"நான்தாங்க்கா தெளிச்சேன்," என்றாள். "நீங்க கடைத்தெருவுக்குப் போனப்ப. சாமிக்குப் போற சரக்காச்சே, அவளை அனுப்ப மாட்டேன்னுட்டீங்களே, மனசு அடிச்சுக்கிச்சு. கிணத்துத் தண்ணியில மஞ்சளக் கரைச்சு வேப்பிலையால ஒரு தெளி தெளிச்சேன். தீட்டுக் கழிஞ்சிடும், யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து எடுத்த பாட்டிலில் பச்சைக் கிணற்றுத் தண்ணீர். மருந்து போடாத சாறு. ஆனி மாத வெக்கை. பொங்காமல் என்ன செய்யும்? தீட்டு எதையும் கெடுக்கவில்லை ஐயா, தீட்டுக் கழித்ததுதான் கெடுத்தது. கோமியம் தெளிக்காமல் விட்டாளே மகராசி என்று ஒரு பக்கம் சிரிப்புக்கூட வந்தது. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்கிறார்களே என்று ஒருத்தி இழுத்தாள். மஞ்சள் கொல்லட்டும், அதைக் கரைத்த தண்ணீரில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டதும் அடங்கிவிட்டாள்.

அம்சாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பலபேர் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. ஒரு பெண் தலையிலிருந்து பழியை இறக்கி இன்னொரு பெண் தலையில் ஏற்றுவதற்கு நான் எதற்கு? அவள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. செல்வியை அனுப்பாமலே காரியத்தை முடிக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நாளைக்குக் காலையில் நீயும் செல்வியும் என்னோடு சிதம்பரம் வருகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

காலை பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். காலிப் பாட்டில் இரண்டை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மேலவீதியில் பந்தல்கால் நட்டுத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், பக்கத்தில் நின்ற செல்வியையும் பார்த்தார். அவருக்கு யார் என்று புரிந்துவிட்டது. நான் பாட்டிலை அவர் கையில் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்சாவும் அழுதுகொண்டே, ஆமாம், நான்தான் தெளித்தேன் என்றாள். கெட்ட சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், தேருக்குள் புதுச் சரக்கு வந்துவிடும் என்றேன்.

அவர் முட்டாள் இல்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் அடுத்து அவர் சொன்னதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"நான் நம்பறேம்மா. ஆனா ஜனங்க நம்பணுமில்ல? சேதி தெருப்பூரா பரவிப்போச்சு. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அந்தப் பொண்ண வேலைய வுட்டு நிறுத்தியாச்சுன்னு இங்க நாலு பேர் கேக்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அப்புறம் அவ உங்க வூட்லயே வேல செஞ்சா எனக்கு இன்னா, நான் வந்து பார்க்கப் போறனா?"

ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் ஆர்டர் தங்கும், கொட்டகை தங்கும், செல்விக்குக் கூலியும் தங்கும். யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை நாலு பேர் காதில் விழுந்தால், அதற்குப் பிறகு இந்தப் பாட்டிலையும் மஞ்சள் புள்ளியையும் யார் பார்ப்பார்கள்? 'அவள் கெடுத்தாள், அதனால் நிறுத்தினார்கள்' என்பதுதான் நிற்கும். அந்த வீதியில் நான் என் வாயாலேயே அவள் மேல் முத்திரை குத்தியதாக ஆகிவிடும்.

செல்வியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினேன். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் பேசினேன்.

"இவ பேரு செல்வி. அந்தப் பழம் அத்தனையும் பிசைஞ்சது இவதான். புதுச் சரக்குக்குப் பிசையப் போறதும் இவதான். இஷ்டம் இருந்தா வாங்குங்க, இல்லன்னா வுடுங்கண்ணே. இவள இல்லன்னு சொல்லி நான் ஒரு பாட்டில்கூட விக்க மாட்டேன்."

கடைக்காரர் முகம் சிறுத்துப்போயிற்று. எவ்வளவோ நல்லது செய்திருக்கிறேன், கடைசியில் மூஞ்சியில் அடித்தாற்போல் பேசிவிட்டாயே அம்மா என்றார். பந்தலுக்கு ரோஸ் சர்பத் வாங்கிக்கொள்கிறேன், உன் சரக்கு வேண்டாம் என்றார். சரி அண்ணே என்று சொல்லி, பாட்டில்கள் அத்தனையையும் ஏற்றி அனுப்ப அங்கேயே ஒரு வண்டிக்கு ஏற்பாடு பண்ணிவிட்டுப் படி இறங்கினேன். அதன்பிறகு அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மூவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. அம்சா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் நடுவில். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணுக்காக அவ்வளவு பெரிய ஆர்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறேன் அல்லவா? புதுச்சத்திரம் தாண்டினதும் செல்வி வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அன்னிக்கு எனக்குத் தூரமே இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று கேட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்தாளாம். உரிக்கிற பழம் நன்றாக இருக்கிறதே என்று யாரும் பார்க்காதபோது நாலு பழத்தை உள்ளே தள்ளியிருக்கிறாள். வயிறு பிடித்துக்கொண்டதாம்.

வந்ததே எனக்குக் கோபம். பஸ் என்றும் பார்க்கவில்லை. அடிப்பாவி, அதை அன்றைக்கே சொல்லித் தொலைப்பதற்கு என்ன? போன் வந்தபோதாவது சொன்னாயா? கடையில் அத்தனை பேர் முன்னால் நான் தொண்டை கிழியக் கத்தினேனே, அப்போதாவது 'எனக்கு இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் வாயை மூடியிருப்பானே என்று பொரிந்து தள்ளினேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குங்க்கா. அடுத்த மாசம் நெசமாவே தூரமாயி வந்து நிப்பனே, அப்போ இன்னா சொல்றது?"

அத்தனை நாளும் நான்தான் பெரிய பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பிக்கிற வழி கையிலேயே இருந்தும், அந்த வழியாகத் தான் மட்டும் தப்பித்துப் போக மாட்டேன் என்று ஒருத்தி இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அம்சா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

அந்த வருஷம் நட்டம்தான், மறைக்க மாட்டேன். பழம் வாங்கின கடனை அடைக்க நெல்லிக்காய்க் காலம்வரை ஆயிற்று. நன்றாக இருந்த பாட்டில்களைத் திருவந்திபுரம் கோயில் வாசலில், கல்யாணம் நடக்கிற முகூர்த்த நாள்களில் கூடையில் வைத்து நாங்களே விற்றோம். மீதிப் பழத்தை ஜாமாகக் கிளறினோம். நீங்களும் ஒருநாள் இந்த மாதிரி ஒரு கடை வாசலில் நிற்பீர்கள். உங்களை யாரும் பெரிய பாவம் செய்யச் சொல்ல மாட்டார்கள். 'ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்' என்பார்கள், அதுவும் சிரித்த முகத்தோடு. அப்போது வாயைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் நிற்பவளைப் பாருங்கள். அப்புறம், சரக்குக் கெட்டால் ஆளைத் தேடாதீர்கள். தண்ணீர் எங்கே புகுந்தது என்று தேடுங்கள்.

ஆடி மாதம் வந்தது. நீலம் மாம்பழத்தின் கடைசி வரத்து, அண்டாவில் ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி காலையில் வந்து பையை ஆணியில் மாட்டினாள். கை கழுவினாள். எல்லார் காதிலும் விழும்படி, "அக்கா, எனக்கு இன்னிக்கு மொத நாளு" என்றாள். கேட்கக்கூடாது என்றுதான் நான் சட்டம் போட்டிருந்தேன். சொல்லக்கூடாது என்று போடவில்லையே. நேராக அடுப்படிக்குப் போய்த் துடுப்பைக் கையில் எடுத்தாள். மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அம்சாவைப் பார்த்தார்கள். நானும்தான். அம்சா கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரோரம் கிடந்த முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து செல்விக்குப் பின்னால் போட்டாள்.

"நின்னுக்கினே கிண்டாதடி, காலு கடுக்கும்," என்றாள். "உக்காந்து கிண்டு."